செக் என்ஜின் லைட் போகிறது, மறுபடி வருகிறது: காரை விற்கும் முன் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி பார்க்க வந்தார்கள். அப்பா, மகன், கூடவே ஒரு மெக்கானிக் பையன். அப்பா பெயின்ட்டைத் தடவிப் பார்த்தார். மகன் பாட்டுப் போட்டுப் பார்த்தான். மெக்கானிக் பையன் நேராக டிரைவர் கதவைத் திறந்து, குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஏதோ ஒன்றைச் செருகினான். ஒரு நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் பக்கம் திருப்பிக் காட்டினான். “அண்ணே, கோடு அழிச்சு 11 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு.”

உண்மைதான். கோடு என்பது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண். முந்தின நாள் சாயங்காலம் ஷெட்டில் அதை அழித்து, செக் என்ஜின் லைட்டை அணைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்த தூரம் அது. வைத்த டீயைக் கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக், பிஎஸ்-4 புகை விதிப்படி வந்தது. நான்கு மாதத்தில் ஐந்து முறை அந்த மஞ்சள் விளக்கு வந்தது. ஐந்து முறையும் அழித்தோம். முதலில் போன ஷெட்டில் 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கடைசியில் வேறொரு இடத்தில் 2,300 ரூபாயில் முடிந்தது. நடுவில் நான் பட்டதையும் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். வண்டியை விற்கப் போகிறவர்கள் குறைந்தது மூன்று வாரம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க, சரிசெய்ய, பிறகு வண்டி தன்னைத்தானே சோதித்து முடிக்க அவ்வளவு நாள் வேண்டும்.

முதலில், விளக்கின் குணம்

சாவியைப் போட்டதும் மற்ற விளக்குகளோடு சேர்ந்து என்ஜின் படமும் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அதுதான் சரியான வண்டி. சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பல்பில் கோளாறு, அல்லது யாரோ கைவைத்திருக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதனால் மீட்டரைக் கழற்றி டேப் ஒட்டுவது, பல்பைப் பிடுங்குவது போன்ற யோசனை யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நிலையாக எரிந்தால் அவசரம் இல்லை, ஆனால் காரணம் இருக்கிறது. விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சருக்குள் போகிறது. அங்கே போய் எரிந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, மெதுவாக ஓரம்கட்டுங்கள். ஆயில் கேன் படமோ வெப்பமானிப் படமோ சிவப்பில் வந்தால் அது இந்தக் கட்டுரையின் விஷயமே இல்லை, உடனே என்ஜினை நிறுத்த வேண்டும்.

இந்த விளக்குக்கு ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலான பழுதுகளை ஒரே தடவை பார்த்ததும் அது எரிந்துவிடாது. முதல் ஓட்டத்தில் பார்த்ததை ‘பென்டிங்’ என்று குறித்து வைக்கும். அடுத்த ஓட்டத்திலும், சில வண்டிகளில் மூன்றாவதிலும், அதே குறை தெரிந்தால்தான் எரியும். அதேபோல, அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் குறை தெரியாவிட்டால் தானாகவே அணைந்துவிடும். ஆனால் கோடு நினைவகத்தில் இருக்கும். என்ஜின் சூடாகி ஆறுவதை ஒன்று என்று வைத்தால், ஏறத்தாழ நாற்பது தடவைக்குப் பிறகுதான் அது அழியும். ‘அதுவே போயிடுச்சு சார்’ என்று சொல்கிறவர்களின் வண்டியில் பாதிக்கு மேல் இந்த நிலையில்தான் இருக்கும் என்பது என் அனுமானம்.

அழிக்காதீர்கள், படியுங்கள்

நம் நாட்டில் பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரலில் இருந்து ஓபிடி-2, அதாவது வண்டி தன் பழுதைத் தானே பதிந்து வைக்கும் ஏற்பாடு, கட்டாயம். அதாவது ஸ்டியரிங்குக்குக் கீழே, பெடலுக்கு மேலே எங்கேயோ, பதினாறு ஓட்டை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகுகிற ‘இஎல்எம்-327’ வகை புளூடூத் அடாப்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை வகையோ, ஐபோனுக்கு ஒத்துவரும் என்று குறிப்பிட்ட புளூடூத் வகையோ பார்த்து வாங்குங்கள். ‘டார்க்’, ‘கார் ஸ்கேனர்’ மாதிரி ஏதாவது ஒரு ஆப் போதும். அந்தக் காசுக்கு ஷெட்டில் ஒரு தடவைதான் ஸ்கேன் போடுவார்கள். இது விற்கும் நாள்வரை கூட இருக்கும்.

ஆப்பில் பெரிதாகத் தெரியும் ‘கிளியர்’ பட்டனைத் தொட வேண்டாம். முதலில் மூன்று திரைகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: உறுதியான கோடுகள், பென்டிங் கோடுகள், ‘ஃபிரீஸ் ஃபிரேம்’. மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு வழி காட்டியது அதுதான். பழுது பதிவான அந்த நொடியில் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்பதை கம்ப்யூட்டர் ஒரு புகைப்படம்போல எடுத்து வைத்திருக்கும். என் வண்டியில் இப்படி இருந்தது: கோடு பி0420, கூலன்ட் 91 டிகிரி, 2,400 ஆர்பிஎம், வேகம் மணிக்கு 74 கி.மீ.

அதைப் பார்த்ததும் நான்கு மாதப் புதிர் ஒன்று அவிழ்ந்தது. மதுரைக்குள் ஓட்டும்வரை லைட் வரவே வராது. மேலூர் தாண்டி, துவரங்குறிச்சி வழியாகத் திருச்சி போய்வந்தால், திரும்பி வரும்போதோ மறுநாளோ வந்துவிடும். வண்டிக்கு ஹைவே பிடிக்கவில்லை என்று வீட்டில் கேலி செய்தோம். காரணம் எளிது. பி0420 என்பது கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்ற சோதனையில் வரும் கோடு. அந்தச் சோதனையை கம்ப்யூட்டர் எப்போதும் நடத்தாது. என்ஜின் நன்றாகச் சூடாகி, சீரான வேகத்தில் சில நிமிடம் ஓடினால்தான் நடத்தும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஊருக்குள் அந்த வாய்ப்பே வராது. லைட் வராத நாட்களில் பழுது இல்லாமல் இல்லை, தேர்வு நடக்கவில்லை.

உங்கள் லைட் எப்போது வருகிறது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். காலைக் குளிரிலா, மழையிலா, பெட்ரோல் போட்ட பிறகா, ஏசி போட்டு மேடேறும்போதா? நல்ல மெக்கானிக்குக்கு அந்தத் துண்டுச்சீட்டு ஸ்கேனரைவிடப் பயன்படும்.

செலவில்லாத சோதனைகள்

கோடு ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னால் அந்த சென்சாரைக் கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். வயிற்று வலி என்று சொன்ன வாயைத் தைப்பதுபோல. அதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, பத்து நிமிடம் பாருங்கள்.

எலி. சிரிக்க வேண்டாம், அதுதான் முதல் சந்தேகம். வயரின் தோல் கடித்திருக்கிறதா, பேட்டரிக்குப் பின்னால் புழுக்கை கிடக்கிறதா பாருங்கள். பாதி கடித்த வயர் வண்டி குலுங்கும்போது மட்டும் விடுபடும். திரும்பத் திரும்ப வரும் லைட்டுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் இல்லை. அடுத்து கனெக்டர்கள்: கழற்றி, பச்சை படிந்திருக்கிறதா என்று பார்த்து, ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை செருகுங்கள். மழைநீரில் ஓட்டிய வண்டி என்றால் இதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகள், திராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர் குழாயின் மடிப்புகள், சின்ன வேக்கம் ஹோஸ்கள் எல்லாவற்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பத்து வருட வெயிலில் ரப்பர் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும்.

பேட்டரி வோல்ட்டையும் பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது 12.4-க்கு மேல், ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சோர்ந்த பேட்டரி சம்பந்தமே இல்லாத நாலைந்து கோடுகளைக் கிளப்பிவிடும்.

கோடு சொல்வதும் சொல்லாததும்

பி0300 முதல் பி0304 வரை வந்தால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. கடைசி எண்தான் சிலிண்டர்; பூஜ்யம் என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் இல்லை. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில் (பிளக்கில் பொறி வர மின்சாரம் தருவது) உள்ள வண்டியாக இருந்தால் காசு கொடுக்காமலே கண்டுபிடிக்கலாம். என்ஜின் ஆறிய பிறகு இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் குற்றவாளி காயில். கோடும் அதனோடு இடம் மாறிவிட்டது. மறுபடி பி0302-வே வந்தால் காயில் தப்பித்தது. அடுத்து பிளக்கை இதேபோல மாற்றிப் பாருங்கள். அதுவும் இல்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று மெக்கானிக் கையில் கொடுங்கள். நான்கு காயிலையும் சேர்த்து மாற்றச் சொல்பவரிடம், இந்தச் சோதனை செய்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பி0171 வந்தால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஆப்பில் ‘ஃபியூவல் டிரிம்’ என்று இரண்டு எண்கள் ஓடும், குறுகிய காலத்துக்கு ஒன்று, நீண்ட காலத்துக்கு ஒன்று. இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, இருபதைத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கேயோ வேக்கம் கசிகிறது. மாறாக, ஐடிலில் ஒழுங்காக இருந்து ஓட்டும்போது ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சார் பக்கம் பாருங்கள். இன்னொன்று, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; இதற்கு ஏறத்தாழ 13.5 போதும். பழைய வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டித்தான் ஈடுகட்டும், டிரிம் எண் சில புள்ளிகள் ஏறும். ஏற்கெனவே சின்ன கசிவோடு எல்லையில் நின்ற வண்டியை இந்தக் கொஞ்சமே தாண்டவைக்கலாம். ‘பெட்ரோல்தான் காரணம்’ என்று கசிவைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

பி0135, பி0141 என்றால் ஆக்ஸிஜன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர். முதலில் ஃபியூஸ், அப்புறம் வயர், கடைசியில் சென்சார். இதில் சென்சாரே போயிருப்பது சகஜம்தான்.

டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை: புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி அடைப்பதும், பிஎஸ்-6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அடைப்பதும் குட்டி ஓட்டங்களின் பலன். டிபிஎஃப் அடைப்பு ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டினாலே சில சமயம் சரியாகும். டிபிஎஃப்பைக் குடைந்து எடுத்துவிட்டு சாஃப்ட்வேரில் மறைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள்.

இப்போது பி0420. கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. பல பழைய பெட்ரோல் வண்டிகளில் முன்னால் உள்ளது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே சளைக்காமல் ஊஞ்சலாடும். கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னால் உள்ளது 0.6, 0.7 என்று அசையாமல் நிற்கும். பின்னால் இருப்பதும் முன்னாலிருப்பதைப் போலவே ஆடினால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டுகிறது. முதல் ஷெட்டும் அதே முடிவைக் கட்டியது. கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பதால்தான் அந்த விலை.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு பெரியவர். ஸ்கேனரை வைத்துவிட்டு, “காலைல ஸ்டார்ட் பண்ணும்போது டக்கு டக்குனு சத்தம் வருதாப்பா?” என்றுதான் கேட்டார். வந்தது. இரண்டு நிமிடத்தில் போய்விடும், டேப்பெட் சத்தம் என்று விட்டிருந்தேன். “ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போ” என்றார். மறுநாள் காலை ஆறிய என்ஜினில் வெப்பத் தகட்டைக் கழற்றி, என்ஜினும், அதிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். உதவியாளன் ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைச் சில நொடி ஈரத்துணியால் அழுத்தினான். ஓரத்தில் புசுபுசுவென்று நுரை. துடைத்துவிட்டுக் காட்டினார்: வெளிர் சாம்பல் உலோகத்தில் கண் மை தீட்டியதுபோல ஒரு கறுப்புத் தடம். நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் பிளந்து, அந்த இடுக்கில் கரி வந்திருக்கிறது. அந்த வழியாகப் புகை வெளியே போவதோடு காற்றும் உள்ளே இழுபடும். இல்லாத ஆக்ஸிஜனை சென்சார்கள் பார்க்கும், கணக்கு முழுக்கத் தப்பும். சூடேறியதும் உலோகம் விரிந்து இடுக்கு குறைவதால் சத்தம் நின்றுவிடும். என் நீண்ட கால டிரிம் 9 சதவீதத்தில் நின்றதும் அதனால்தான்.

கேஸ்கெட், துருப்பிடித்த இரண்டு ஸ்டட், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். பழைய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். பில்லில் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை மூன்றும் எழுதச் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள்.

பி0420 வந்த எல்லா வண்டிக்கும் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயில் குடிக்கிற என்ஜின், வெகுநாள் மிஸ்ஃபயரோடு ஓடிய என்ஜின் என்றால் கன்வர்ட்டர் நிஜமாகவே போயிருக்கும். ஆனால் கசிவு பார்க்காமல் கன்வர்ட்டருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சரிசெய்த பிறகுதான் அழிக்க வேண்டும்

இப்போது கிளியர் பட்டனை அழுத்தலாம். அழுத்தியதும் கோடுகளோடு வண்டியின் தன்சோதனை முடிவுகள் எல்லாமே காலியாகிவிடும். ஆப்பில் ‘ரெடினெஸ்’ அல்லது ‘மானிட்டர்’ என்ற பக்கத்தில் ‘முடியவில்லை’ என்று வரிசையாகக் காட்டும். பல வண்டிகள் அழித்த பின் ஓடிய தூரத்தையும், எத்தனை முறை சூடேறியது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இதே கதிதான். என்னை மாட்டிவிட்டது இந்தப் பக்கம்.

மானிட்டர்கள் முடிய வண்டியை விதவிதமாக ஓட்ட வேண்டும். டேங்க் பாதி நிரம்பியிருக்கட்டும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஊருக்குள் கொஞ்சம் நின்று நின்று போங்கள். அப்புறம் ஹைவேயில் 70, 80 வேகத்தில் கால் மணி நேரம் ஆக்ஸிலரேட்டரை ஆட்டாமல் ஓட்டி, பின்னால் வண்டி இல்லாத இடத்தில் காலை எடுத்து, பிரேக் போடாமல் 40 வரை தானாக இறங்க விடுங்கள். இப்படி நாலைந்து நாள். கன்வர்ட்டர் மானிட்டர் பெரும்பாலும் கடைசியாகத்தான் முடியும். எல்லாம் முடிந்த பிறகும் பென்டிங் பக்கம் காலியாக இருக்கிறதா பாருங்கள். நான் இரண்டு தடவை திருச்சி போய்வந்தேன். அம்மாவுக்கு சமயபுரம் தரிசனமும் ஆயிற்று.

சரிசெய்யவா, விலையைக் குறைக்கவா?

வாங்குகிறவர் கணக்கு எப்போதும் மோசமான நிலையில் இருந்து தொடங்கும். 2,000 ரூபாய் பழுதாக இருந்தாலும் லைட் எரிந்தால் 30,000 குறைத்துக் கேட்பார். அதனால் சின்னப் பழுதைச் சரிசெய்துவிடுவதுதான் லாபம். பெரிய பழுது, நிஜமாகவே கன்வர்ட்டர், கம்ப்ரஷன் என்று வந்தால் இரண்டு இடத்தில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அதைக் காட்டி அந்தத் தொகையைக் குறைத்தால் பேரம் அந்த எண்ணைச் சுற்றியே நிற்கும். காகிதம் இல்லாவிட்டால் பயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு குறைப்பார்கள்.

‘புகைச் சான்று இருக்கிறதே’ என்று வாதாட வேண்டாம். அந்தச் சோதனை சைலன்சர் வழியே வரும் புகையை அளப்பது. கம்ப்யூட்டர் நினைவகத்தைப் பார்ப்பதில்லை. பின்பக்க சென்சாரைப் புகையில் இருந்து தள்ளி வைக்கும் ஸ்பேசர் போட்டு ஏமாற்றும் வித்தையும் வேண்டாம். தெரிந்தே ஒரு குறையை மூடி மறைத்து விற்பது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் மோசடிக்குள் வரும். 19-வது பிரிவின்படி வாங்கியவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ‘பழைய வண்டி, பார்த்து வாங்கினீர்கள்’ என்பது வாயைத் திறக்காமல் இருந்தவருக்கு ஓரளவு உதவும். டேப் ஒட்டியவருக்கு உதவாது.

விளம்பரத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘செக் என்ஜின் லைட் வந்தது, எக்ஸாஸ்ட் கேஸ்கெட் மாற்றப்பட்டது, பில் உள்ளது, ஸ்கேன் செய்து பார்க்கலாம்.’ அழைப்புகள் குறைந்தன. வெட்டியாக வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களும் குறைந்தார்கள்.

காகித வேலை

லைட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். டெலிவரி நோட்டில் தேதி, நேரம், கிலோமீட்டர், தெரியப்படுத்திய பழுது, ஸ்கேன் பார்த்தார் என்ற வரி, இருவர் கையெழுத்து. ஒரு மாதம் கழித்து வேறு கோடு வந்து போன் அடித்தால் இந்த ஒரு தாள்தான் பேசும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்து முடிந்திருந்தால் 35. வெளிமாநிலம் போகிறது என்றால் 28. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. டீலரிடம் கொடுத்தால் அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று பார்த்து, படிவம் 29சி-யைப் போடச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக்கையும் முடித்துவிடுங்கள்.

அடுத்து வந்தவரும் ஒரு மெக்கானிக்கோடுதான் வந்தார். ஸ்கேனரைச் செருகினார்கள். அழித்து 640 கிலோமீட்டர், மானிட்டர் எல்லாம் முடிந்தது, பென்டிங் காலி. பில்லையும் அந்தப் பிளந்த கேஸ்கெட்டையும் மேஜையில் வைத்தேன். மெக்கானிக் கேஸ்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். வாங்க வந்தவர் எழுந்து வெளியே போய், முன் சக்கரத்தின் அருகே குத்த வைத்து உட்கார்ந்து விரலால் தடவினார். “லைட் விஷயம் சரிங்க. டயர் ரெண்டும் வழுவழுன்னு இருக்கே, அதுக்கு எவ்வளவு குறைப்பீங்க?”